பம்பு அறையில் நிற்பவன்

திரையில், குழாய் அவன் நெற்றியைத் துளைத்துக்கொண்டு போனது.

கூட்டத்தில் எல்லோரும் பார்க்க, அவள் படத்தைத் திருப்பினாள். பின்மண்டை வழியாக வெளியே வந்திருந்தது.

மருத்துவமனையின் பம்பு அறை. கட்டுமானத் தளத்தில் இன்னும் சுவர் மட்டுந்தான் எழும்பியிருக்கிறது. கணினிக்குள் எல்லாமே கட்டி முடிந்தாயிற்று. ஒன்றோடொன்று இடிப்பவற்றை அது பட்டியல் போட்டுத் தந்துவிடும்.

இன்றைய பட்டியலில் ஒரே வரி.

குழாய் – மனிதன்.

அந்த உருவத்தை அங்கே நிறுத்தியவன் அவள் கணவன். வால்வைத் திருக வருகிறவன் நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்பான். மென்பொருளோடு வந்தது ஆறடி ஆள். "நம்ம ஊர்ல எந்த ஆபரேட்டர் ஆறடி இருக்கான்?" என்று சிரித்துவிட்டு, பூட்ஸும் ஹெல்மெட்டுமாகக் கதவில் சாய்ந்து நின்றான். டேப்பைப் பிடித்தது அவள்தான்.

நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

அவன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

அது யாருடைய உயரம் என்று இந்தக் கூட்டத்தில் வேறு எவருக்கும் தெரியாது.

எதிர்ச் சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள். வேலையைச் செய்பவரே, முடித்துத் தரும் நாளைத் தன் கையால் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டியவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. குழாய் ஃபோர்மேன் அந்தோணிராஜின் நீலச் சீட்டு திங்கட்கிழமையில் இருந்தது. குழாய்களை அளவு பார்த்து வெட்டியும் வைத்துவிட்டார்.

"பொம்மையத் தூக்கிட்டா தீந்துச்சு மேடம். அதுக்குத் தலை வலிக்கும்னு நான் குழாய வளைக்கணுமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பட்டியல் காலியாகிவிடும். திங்கட்கிழமை வேலை நடக்கும்.

விரல் அதன் மேலேயே இருந்தது. யாருக்காகத் தயங்குகிறோம் என்று அவளுக்கே சட்டென்று விளங்கவில்லை.

இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்கண்ணே."

"என்ன மேடம், சட்டை தைக்கவா?"

ஹெல்மெட்டோடு நூற்று எழுபத்தாறு. குழாய் வரும் உயரத்தில் டேப்பின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

அவர் புருவம்.

அந்தோணிராஜ் கண்ணை உயர்த்தி அந்த விரலைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. சுவரருகே போய்த் தன் சீட்டை உரித்தார்.

"ரெண்டு துண்டு திரும்ப வெட்டணும். பீமுக்கு அடியில ஏத்திக்கிறேன். புதன்கிழமை."

எழுதி ஒட்டினார். திரும்பி வந்தவர், உட்காராமல் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இதுலயும் என் ஒசரத்தையே போட்டுருங்க மேடம். நாளைக்கு என்னை மாதிரி நெட்டையன் எவனாச்சும் வருவான். முடிஞ்சா மீசையும் வைங்க."

மறுபடியும் சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

அவர் சொன்னது சரிதான். உயரமானவன் நிற்க முடிந்த இடத்தில் எல்லோரும் நிற்கலாம்.

அவள் உருவத்தைத் தொட்டாள். பக்கத்தில் அதன் உயரம் வந்து நின்றது.

கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றினாள். பழைய எண்ணை எங்கும் குறித்து வைக்கவில்லை.