பக்கத்து விண்மீன்

ஏறியிருக்கிறது.

அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். கோடு லேசாக மேலே தூக்கியிருந்தது. அவளுடைய விண்மீன் பிரகாசமாகிக்கொண்டிருக்கிறது.

பெங்களூரில் வெயில் ஏறும் நேரம். தொலைநோக்கி இருப்பதோ சிலி நாட்டு மலையொன்றில். அங்கே இருட்டு. ஆய்வறையில் காபி டம்ளரோடு உட்கார்ந்தபடி அந்த இருட்டைப் படம் பிடிப்பதுதான் பல வருடங்களாக அவளுடைய பிழைப்பு.

அது ஒரு குறுநோவா. பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பவை இரண்டு. ஒன்று வாழ்ந்து முடித்துச் சுருங்கிப்போன விண்மீன். மற்றது இன்னும் எரிந்துகொண்டிருப்பது. சுருங்கியது சும்மா கிடக்காது. எரிவதன் வாயுவை இழுத்து இழுத்துத் தன்னைச் சுற்றிச் சேர்த்துவைக்கும். சேர்ந்தது ஒரு நாள் தாங்காமல் பொங்கும். சில நாள் ஆட்டம் போடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும்.

அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது புரிவதற்கு அவளுக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. பாளையங்கோட்டையில் தம்பி இருந்தான்.

லிங்கம் மாதக்கணக்கில் சாதுவாக இருப்பான். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பான். ஒரு நாள் பொங்குவான். கண்ணாடி, டிவி, கதவு, எதுவும் மிஞ்சாது. அப்புறம் ஆஸ்பத்திரி, ஊசி, உறக்கம். மறுபடியும் தேங்காய்.

என்றைக்காவது அம்மாவை ஏதாவது செய்துவிடுவான்.

அந்தப் பயத்தோடுதான் அவள் தினமும் எழுந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து என்ன செய்ய முடியும்? போன் செய்ய முடியும். தூங்கினானா, மாத்திரை போட்டானா, சத்தமாகப் பேசினானா என்று கேட்க முடியும். அம்மாவின் குரல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அந்தக் குரலை வைத்துத்தான் அவனை அளப்பாள்.

இன்று காலையும் கேட்டாள். நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டு அம்மா சீக்கிரமே வைத்துவிட்டாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது.

இதே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிறுக்கர்கள் உலகத்தில் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்குத் தகவல் அனுப்பினாள். பொங்கத் தொடங்கிவிட்டது, உடனே பாருங்கள்.

அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர் பதில் போட்டார். இங்கே ஏறவில்லையே?

அவளுக்குச் சுருக்கென்றது.

விண்மீனைத் தனியாக அளக்க முடியாது. பக்கத்தில் மாறாத ஒன்று வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் இது கூடியதா குறைந்ததா என்று சொல்வார்கள். அவளும் ஆரம்பத்திலேயே பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அடக்கமான, தொந்தரவில்லாத விண்மீன்.

கணக்கையெல்லாம் மூடிவிட்டு வெறும் படத்தைத் திறந்தாள்.

அவளுடைய விண்மீன் எப்போதும்போல மங்கலாகத்தான் இருந்தது. பொங்கவே இல்லை.

பக்கத்தில் இருந்தது மங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இது ஏறியதுபோலத் தெரிந்திருக்கிறது.

பழைய படங்களை எடுத்தாள். போன மாதமும் கொஞ்சம் மங்கியிருந்தது. அதற்கு முன்பும். எல்லாம் படத்தில் அப்படியே இருந்தது. அளக்கத்தான் அதை வைத்திருந்தாள். அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற தப்பு. வெட்கமாக இருந்தது. என்ன எழுதி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

அம்மா.

இந்த நேரத்தில் அம்மா கூப்பிடமாட்டாள். பொங்கிவிட்டான்.

"என்னம்மா, லிங்கம் என்ன செஞ்சான்?"

"யக்கா, நான்தான்."

லிங்கம் போனைத் தொடவே மாட்டான். இன்று அவன் குரலில் ஒரு பிசிறு இல்லை. வரிசையாகச் சொன்னான். அம்மா அடுப்படியில் விழுந்துவிட்டாள். பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டான். உள்ளே கட்டிலில் போட்டிருக்கிறார்கள். கண் மட்டும் திறந்திருக்கிறது.

கொஞ்ச நாளாகவே தலை சுற்றிக்கொண்டிருந்ததாம். அக்காவிடம் சொல்லக் கூடாது, அவள் அங்கே தனியாகக் கிடந்து பயப்படுவாள் என்றாளாம்.

அவள் எழுந்து நின்றாள். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"டாக்டர் கேக்காங்கக்கா. அம்மா என்ன மாத்திர சாப்புடுதா? எந்த ஊசியாவது ஒத்துக்காதா? எனக்குத் தெரியல. ஒனக்குத் தெரியும்லா?"

லிங்கத்தின் மாத்திரைகள் அவளுக்குத் தெரியும். காலையில் எது, ராத்திரி எது, எது எத்தனை மில்லிகிராம், எந்த ஊசி போட்டால் உடம்பு தடித்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அம்மாவுக்கு பிரஷர் உண்டா?

சுகர்?

மாத்திரை சாப்பிடுகிறாளா, இல்லையா?

ஒன்றும் தெரியவில்லை. அங்கே யாரோ, சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க தம்பி என்று அவசரப்படுத்துவது கேட்டது.

"யக்கா?"

பீரோ சாவி எங்கே, சித்தி மகளுக்கு எப்போது வளைகாப்பு, வீட்டு வரி கட்டியாயிற்றா. வீட்டில் எதைக் கேட்டாலும் அவளிடம் இருப்பது ஒரே பதில்தான். யோசிப்பதற்கு முன்னால் அதுவே வாயில் வந்துவிட்டது.

"அம்மாட்டக் கேளுல."