பத்து வரை

நானும் யோலாவும் கிராக்கோவிலிருந்து மலிவுப் பேருந்தில் வியன்னா பார்க்கப் போயிருந்தோம். காலையில் விடுதி வாசலைத் தாண்டியதுமே, குடையை அறையில் மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பினாள்.

"எடுத்ததும் ஓடி வராதடி. உக்காந்து பத்து வரைக்கும் எண்ணிட்டு வா," என்றேன். மறந்த பொருளுக்காகத் திரும்பிப் போனால், கெடுதல் எதுவும் வராமலிருக்க எங்கள் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"எங்கம்மாவே தேவலடி," என்று மாடியேறினாள்.

உடனே இறங்கி வந்துவிட்டாள். கையில் குடை இல்லை.

"கிடைக்கல. வா, போலாம்."

நாள் முழுக்க நடந்தோம். கட்டணம் கட்டுப்படியாகாததால் அரண்மனையை வெளியிலிருந்தே பார்த்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் பூங்காவில் தின்றோம். மழை பிடித்துக்கொண்டது, இருவரும் தொப்பலாக நனைந்தோம்.

சாயங்காலம் விடுதிப் படியில் யோலா நின்றுவிட்டாள். "காலு விண்ணு விண்ணுங்குது. நீ முன்னாடி போ."

நான் போய் அறைக்கதவைத் திறந்தேன்.

கட்டில் ஓரத்தில் யோலா உட்கார்ந்திருந்தாள். தலை காய்ந்திருந்தது. மடியில் குடை.

"ஒன்பது, பத்து. போதுமாடி? அதுக்குள்ள எங்க போய் இப்படி நனைஞ்ச?"

"கதவச் சாத்திடாதடி, வந்துட்டேன்," என்றது படியிலிருந்து யோலாவின் குரல்.