டிராகன் வீட்டு மருமகள்

"ஏல, அந்த நரிப்பொண்ணு என்னமோ சொல்லி அழுவுதாளே, என்னன்னு ஜல்தி சொல்லுல!"

முப்பிடாதியம்மாள் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு டி.வி.யைக் காட்டினாள்.

"அரே, ருக்கோம்மா, கொஞ்சம் பொறு. வாசிக்க விடு" என்றான் மகன் வெங்கடேஷ்.

அது ஒரு சீனத்துக் கார்ட்டூன். சோம்பேறி டிராகன் இளவரசன் ஒருவன், தும்மினால் நெருப்பு வந்து அவன் மீசையே பொசுங்கும். முதல் சீசன் ஹிந்தியில் வந்தது. தாராவியில் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்துச் சிரித்துப் பார்த்தாள் முப்பிடாதி. இரண்டாவது சீசனோ வெறும் சீன மொழியில் வந்து தொலைத்தது. கீழே ஆங்கில எழுத்து ஓடும். அவளுக்கு அது ஆகாது. சாயங்காலம் மாஹிம் மொபைல் கடையிலிருந்து வந்ததும் வெங்கடேஷ்தான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

அவனும் சொன்னான். ஆனால், கீழே ஓடியதை அல்ல.

அவன் சங்கடம் அவனுக்கு. செம்பூரில் டியூஷன் எடுக்கும் ரஞ்சனா என்ற மராத்திப் பெண்ணை உயிருக்கு உயிராகக் காதலித்தான். அம்மாவோ ஊரிலிருக்கும் தன் தம்பி மகளைத்தான் மருமகளாக நினைத்துக்கொண்டிருந்தாள். நேரில் பேசத் தைரியமில்லாத பிள்ளை, தனக்குப் பதிலாக டிராகன்களைப் பேசவைத்தான். நரிப்பெண் மந்திரக்கல்லைத் தேடிக் குகைக்குள் போனால், இவன் வாயில் அவள் வருங்கால மாமியாருக்கு மருந்து வாங்கப் போவாள்.

"நான் வேற மலைக்காரிதான், வேற பாஷைதான். ஆனா உங்க மகனைக் கண்கலங்காமப் பாத்துக்கிடுவேன்னு அழுவுதாம்மா."

"நரி சமையல் டிராகனுக்கு ஒத்துக்கிடுமால?"

"எல்லாம் கத்துக்கிட்டாளாம். சொதிகூட வைப்பாளாம்."

"சரி, இளவரசனுக்குத் தாய்மாமன் மக ஒருத்தி இருக்கான்னியே, அவ கதி?"

"அவளுக்கு இவனைப் புடிக்கலையாம்மா. மேல படிக்கணுமாம்."

"டிராகன் என்னத்தைல படிக்கும்?"

"பி.காம்."

திரையில் டிராகன் ராணி கண் சிவக்க நரிப்பெண்ணைப் பார்த்துக் கத்தினாள். ஒரு பானையைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தாள்.

"ராணிக்கு ரொம்ப சந்தோசம்மா."

"சந்தோசத்துல எதுக்குல பானைய ஒடைக்கா?"

"அவங்க ஊரு வழக்கம். நல்ல காரியம்னா ஒடைப்பாங்க."

"அப்படியா!" என்று தலையாட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் முப்பிடாதி.

இது கடைசி எபிசோட். மூன்றாவது சீசன் வர எத்தனை வருஷம் ஆகுமோ, அதற்குள் மாமா மகளுக்கு அவன் தாலி கட்டி முடித்திருப்பான். இன்றைக்கு விட்டால் கதி மோட்சமில்லை. ராணியின் கடைசி வசனத்தை எடுத்துவிட்டான்.

"ராணி என்ன சொல்லுதான்னா... 'சாதியில என்ன இருக்கு, பாஷையில என்ன இருக்கு? இவதான் எனக்கு மருமக. என் தம்பி மகளுக்கு வேற நல்ல எடமாப் பாப்போம்'னு சொல்லுதா."

படம் முடிந்து பாட்டு வந்தது. அம்மா பட்டாணித் தோலை ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

"அம்மா... அந்த ராணி எடத்துல நீ இருந்தா என்ன செய்வே?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூவும் பழமும் வாங்கிக்கிட்டு செம்பூருக்குப் போவேன்."

வெங்கடேஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம்தான் உறைத்தது.

"செம்பூரா? நான் செம்பூருன்னு சொல்லவே இல்லியேம்மா!"

"நீ சொன்னதுல எதுதான்ல கதையில இருந்துச்சு?" முப்பிடாதி அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் கொட்டினாள். "சூப்பு கருகிட்டுன்னுல்லா அந்த ராணி பானைய ஒடைச்சா! நீ வாயத் தொறக்க மாட்டன்னுட்டு, தெனமும் மத்தியானம் ரஞ்சனாவே இங்கன வந்து ஒவ்வொரு எபிசோடையும் எனக்கு ஹிந்தியில வாசிச்சுச் சொல்லிட்டுப் போனாளே, அதுல கல்யாணப் பேச்சே கெடையாதேல!"