நிற்கிற நேரத்துக்குச் சம்பளம்

"வாசல்ல நின்னுக்கினு இருக்கிற நேரத்துக்கும் சம்பளம் குடுங்க முதலாளி!"

ஜெயப்ரியா சொன்னதும் வரிசையில் நின்ற மற்ற விற்பனைப் பெண்களும் தலையாட்டினார்கள். பட்டுக்கடை முதலாளி வரதராஜனுக்குச் சுருக்கென்றது.

போன மாதம் ஒரு சேலை காணாமல் போனதிலிருந்து, வேலை முடிந்து போகும்போது மட்டுமல்ல, வேலைக்கு வரும்போதும் பெண்களைச் சோதித்த பிறகுதான் விட்டார். உள்ளே போய் விரல்ரேகை வைத்த பிறகே சம்பளக் கணக்கு ஆரம்பம். இன்று புதிதாக, உலோகம் பட்டால் கத்துகிற மெஷின் வாசலே நிறுத்தியிருந்தார். சற்று முன் அதில் பந்தாவாக முதலில் நுழைந்தவரும் அவர்தான். கழுத்துச் சங்கிலிக்கு அது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தித் தொலைத்தது. சொந்தக் கடையில் முதலில் பிடிபட்ட திருடன் என்ற பெருமை அவருக்கே.

"சோதனைக்கு நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாம்மா?"

"பின்ன, சினிமாவா பாத்துக்கினு இருக்கோம்? வளையல், தோடு எல்லாம் கழட்டியாச்சு. சேலையைக் கழட்ட முடியுமா? கடைச் சேலையைக் கட்டிக்கினுதான் வரணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? இம்மாம் ஜரிகைக்கு மெஷின் கத்தாதா? ஒவ்வொருத்தரையா தடவிப் பாத்து உள்ள விடறதுக்குள்ள பொழுது போயிடும்."

நேற்றுப் பார்த்துவிட்டுப் போன கல்யாணப் பட்டை எடுக்க வந்த முசரவாக்கத்துக் குடும்பம் ஒன்று, கடை திறக்கக் காத்திருந்தபடி வேடிக்கை பார்த்தது. அவர்கள் எதிரில் தோற்பதா? வரதராஜனுக்கு வீறாப்பு வந்துவிட்டது.

"மெஷின் கத்துனா இன்னிலேருந்து சம்பளம். கத்தலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும். சரியாம்மா?"

"சரி முதலாளி."

மெஷின் கத்தாது என்று வரதராஜனுக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஜெயப்ரியா நுழைந்தாள். சத்தமில்லை. அபிநயா நுழைந்தாள், சித்தாரா நுழைந்தாள். மெஷின் மூச்சு விடவில்லை.

"பாத்தியாம்மா? ஒருத்திக்காவது கத்துச்சா?" வரதராஜன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

கல்யாணப் பெண்ணின் அம்மா அங்கம்மாள் எழுந்து வந்தார்.

"ஏம்பா, உங்க சங்கிலிக்கு அந்தக் கத்து கத்துச்சே! இந்தப் பொண்ணுங்க கட்டிக்கினு இருக்கிற அதே சேலையைத்தானே நேத்து எங்களுக்கு சுத்த வெள்ளி ஜரிகைன்னு சொல்லிக் காட்டினீங்க?"

வரதராஜன் அவசரமாக ஜெயப்ரியாவின் பக்கம் குனிந்தார்.

"நிக்கிற நேரத்துக்கெல்லாம் சம்பளம் தர்றேம்மா. எப்படியாவது அதை ஒரு தடவை கத்த வையேன்!"