பத்தாவது பந்து

மத்தியான வெயில் கண்ணாடிச் சுவர் வழியே வந்து திரையிலுள்ள பச்சை மைதானத்தின் மேல் விழுகிறது. குளிர்பானக் கம்பெனியின் விளம்பரத்துக்காக, கால்பந்து ரசிகர்கள் விளையாடும் இந்த இணையதளத்தைக் கட்டியது அவள்தான். பத்துப் பந்தையும் கோலுக்குள் அடித்தால் இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட். "அடிச்சா டிக்கெட் உனக்குத்தான்யா" என்று சொல்லி, கம்பெனி மேனேஜர் தன் கார் டிரைவரையே சோதனைக்கு உட்கார வைத்திருக்கிறார். ஒன்பது பந்து உள்ளே போயாயிற்று. டிரைவர் விரலைச் சட்டையில் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மௌஸைத் தட்டுகிறார். பந்து கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது. இது ஐந்தாவது ஆட்டம்; ஐந்திலும் அதே கம்பம். "சே, என் கைதாம்மா சரியில்ல. பொண்ணுகிட்ட வேற கூட்டிட்டுப் போறேன்னு வாய விட்டுட்டேன்." மேனேஜர் அவள் காதோரம் குனிகிறார். "பாத்தியா, விடவே மாட்டேங்கறான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு விளம்பரம் ஓடுதுல்ல? இதத்தான் நான் கேட்டேன்." அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசாதே என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய முதலாளி மேசைக்கடியில் அவள் நாற்காலியைக் காலால் இடிக்கிறார். "இன்னும் ஒரே ஒரு தடவம்மா" என்று டிரைவர் முன்னால் நகர்ந்து உட்காருகிறார். அவள் எட்டி மௌஸைப் பொத்திக்கொள்கிறாள். "அண்ணே, ஒங்க கைக்கு ஒண்ணுமில்ல. பத்தாவது பந்து யாரு அடிச்சாலும் உள்ள போகாது. அப்படித்தான் நான் செஞ்சு வச்சிருக்கேன். செய்யச் சொன்னவரு ஒங்க பின்னாடி நின்னு சிரிக்கிறாரு." டிரைவர் திரும்பாமலே சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, மேசை அதிரும்படி ஓங்கி வைக்கிறார்.