கடைவீதி வெள்ளோட்டம்

"ஓசின்னா நம்ம சனம் வுடுமா? பாரு, பஸ்ஸு எப்டி பிதுங்கிக்கினு வருதுன்னு."

தன் பட்டுக்கடை வாசலில் நின்று அரங்கநாதன் ஏளனமாகச் சிரித்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதியைச் சுற்றி வரும் இலவச பஸ்ஸுக்கு அன்று வெள்ளோட்டம். வண்டி நிறுத்த இடமில்லை என்று ஊர் ஜனம் கல்யாண ஜவுளிக்குச் சேலம் போய்க்கொண்டிருந்ததால், வியாபாரிகள் நகராட்சிக்கு நடையாய் நடந்து வாங்கிய பஸ். 'கூட்டம் ஏறினால் ஓடும், காற்று வாங்கினால் நிறுத்திவிடுவோம்' என்று அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

பஸ் கடையைத் தாண்டிப் போனது.

"இன்னாங்க, ஒருத்தரும் எறங்கலியே?" கல்லாவில் இருந்த மனைவி அம்சவள்ளி கேட்டாள்.

"ஓசில ஏறினவன் ஊரைச் சுத்திப் பார்த்துட்டுத்தான் எறங்குவான். இதுங்க புத்தி எனக்குத் தெரியாதா?"

பக்கத்துப் பாத்திரக்கடை அறிவுச்செல்வனும் வந்து சேர்ந்துகொண்டார். "காசில்லன்னா நாள் பூரா உக்காந்துக்கினு வரும்ணே. வெக்கங்கெட்ட சனம்."

வியாபாரிகள் சங்கத் தேர்தலில் முறைத்துக்கொள்ளும் இரண்டு பேருக்கும் ஊரை மட்டமாகப் பேசுவதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

"ஊரைப் பேசினது போதும். மாயவன் வூட்டு ஆளுங்கள இன்னும் காணோம்" என்றாள் அம்சவள்ளி.

மாயவன் கல்வராயன் மலைக்காரர். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, சொந்தபந்தத்தோடு இறங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த வியாபாரமும் கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும்.

"வருவாங்க. பஸ்ல ஏறிக் கடை வாசல்லயே எறங்கிக்கோங்கன்னு நான்தான் போன்ல சொன்னேன். ஓசின்னா மலையே எறங்கி வந்துடும்."

"வந்தா புடவைய பிரிச்சுப் போட ஆளு வேணாமா? ஷாலினி, தனுஷா ஒருத்தியும் கண்ணுல படல."

"ஒரு வேலையா அனுப்பியிருக்கேன். வந்துடுவாளுங்க."

பஸ் மறுபடி வந்தது. அதே நெரிசல். பின்னாலேயே பைக்கில் வந்த நகராட்சி அதிகாரி, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அரங்கநாதனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது செல்போன் அடித்தது. மாயவன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. காலையிலேருந்து பஸ் ஸ்டாண்டுலதான் நின்னோம். உங்க பஸ்ஸு வரும்போதே ரொம்பித்தான் வருது. ஒருத்தர் எறங்கினாத்தானே நாங்க ஏற முடியும்? கூட வந்த வயசானவங்களுக்கு நிக்க முடியல. சேலம் பஸ்ஸு காலியா இருந்துச்சு, ஏறிட்டோம். சின்னசேலம் தாண்டிட்டோம்ணே."

அரங்கநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அடுத்த சுற்று வந்த பஸ்ஸைத் தெருவில் இறங்கி மறித்தார். படியில் தொற்றிக்கொண்டு கத்தினார்.

"ஓசின்னா உக்காந்தே கெடப்பீங்களா? உங்களால என் பொழப்பே போச்சு. எறங்குங்க எல்லாரும்."

ஜன்னலோர சீட்டிலிருந்து, கடைச் சீருடைச் சேலையை மாற்றிக்கொண்டு சுடிதாரில் வந்திருந்த ஷாலினி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"எறங்கலாங்களா மொதலாளி? காலி சீட்டு தெரியக்கூடாது, சாயந்திரம் வரைக்கும் எறங்காதீங்கன்னு நீங்கதானே எங்கள அனுப்புனீங்க? பாத்திரக்கடை, பேன்சி கடை, செருப்புக்கடை ஆளுங்களுக்கும் அவங்கவங்க மொதலாளி அப்டித்தான் சொல்லி அனுப்புனாங்களாம். பஸ்ஸு பூரா நம்ம கடைவீதி ஆளுங்கதான், வெளியாளு ஒருத்தரும் இல்லீங்க."