முகம் இல்லாத படம்

"மாமி, இது வெறும் கடலு! இதுல எங்க இருக்கு முகம்?"

ஜஸ்னா தூரிகையைத் தண்ணீர் டப்பாவில் ஓங்கிப் போட்டாள். தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

"கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது," என்றாள் மாமியார் ஜைனம்பு, தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தாமல். "உருவம் இருக்குத வீட்டுல வானத்து மலக்குமாரு வரமாட்டாங்க. அழி மக்கா."

கன்னியாகுமரியில் புதிதாகத் திறக்கும் ஒரு ஹோட்டலுக்கான படம் அது. ஜஸ்னாவுக்குக் கிடைத்த முதல் ஆர்டர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அவர்கள் ஊரான தேங்காய்ப்பட்டணத்துக்கே வேன் வந்து எடுத்துப் போகும். பிடித்துவிட்டால் ஹோட்டல் அறைகளுக்கெல்லாம் அவள்தான் வரைய வேண்டுமாம். பிழைக்க ஒரு வழி கிடைத்துவிடும். மாமியாருக்கு இதெல்லாம் மண்டையில் ஏறினால்தானே!

'உயிருள்ளது ஒண்ணும் வரையாண்டாம்' என்று சொல்லித்தான் ஜைனம்பு இதற்குச் சம்மதித்திருந்தாள். ஜஸ்னாவும் ஒரு மீன்குஞ்சைக்கூட வரையவில்லை. படம் முழுக்கத் தண்ணீர்தான்.

நேற்று மாமியார் இடது மூலையில் முகம் என்றாள். நீலத்தை அப்பி அழித்தாயிற்று. காலையில் வலது பக்கம் வந்துவிட்டதாம். அதையும் அழித்தாயிற்று. இப்போது நட்டநடுவில்!

"எனக்கு அலைதான் மாமி தெரியுது."

"உனக்குத் தெரியுதத நீ சொல்லுத. எனக்குத் தெரியுதத நான் சொல்லாண்டாமா?"

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஜஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டு நீலத்தைப் பிதுக்கினாள். அதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவசரமாகத் தூரிகையைத் தூக்கியவளின் கையை ஜைனம்பு பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். இனி அழிக்காண்டாம். இத குடுக்கவும் வேண்டாம்."

"உங்களுக்கு என்னதான் வேணும் மாமி? வீட்டுல வைக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாதா?" ஆத்திரத்தில் ஜஸ்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முகம் இல்ல, முகம் இல்லன்னு சண்ட போட்டியே, யாரு முகம்னு ஒரு தடவயாவது கேட்டியா?"

ஜைனம்பு ஈரம் காயாத நீலத்தில் விரல் வைத்தாள். "இது தாடி. இது மூக்கு. இது நெத்தியில வள்ளம் இடிச்ச தழும்பு."

விரலோடு போன ஜஸ்னாவின் கண்கள் தழும்பில் நின்றன. கடலுக்குப் போய், தேடியும் கிடைக்காமல்போன அவள் கணவன் ஷமீர், அவள் கையாலேயே அலைக்குள் வந்து நின்றிருந்தான்.